அஞ்சலட்டையில் நான் எழுதிய வரி

போன மாதம் என் வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்த குற்றம் இதுதான். நீண்ட வார இறுதிக்கு ஆம்ஸ்டர்டாம் போயிருந்த மகனுக்குப் போன் போட்டு, "அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, மணிக்கட்டு முறிஞ்சிருக்கு, கட்டுப் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "வருஷத்துக்கு ஒரு தடவ புள்ள எங்கயோ போயிருக்கான். வந்தப்புறம் சொன்னா குடியா முழுகிடும்? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டே என் மனைவி வந்தாள். மகள் அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் உறைக்கிறது.

மகன் படம் காட்டிக்கொண்டே பேசும் போனில்தான் இருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதன் மேல் மழை, யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். போனில் வாசனை வராது, தெரியும். ஆனால் எனக்கு வந்தது. நனைந்த கம்பளிக் கோட்டு வாசனை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய வாசனை அது.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொராண்டோவுக்கு நான் படிக்க வந்த எழுபதுகளில், பழைய துணிக்கடையில் வாங்கியது. யாரோ மிகப் பெருத்த மனிதர் விட்டுப்போனது. உள்ளே என்னைப் போல் இன்னொருவன் தாராளமாகக் குடியிருக்கலாம். திருச்சியில் கைத்தறிச் சட்டையோடு திரிந்தவன் இதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, கூடாரம் ஒன்று கால் முளைத்து நிற்பதாகத்தான் தோன்றியது. ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம், உள்பை ஆழமானது. எதை வைத்தாலும் வெளியே தெரியாது.

நாங்கள் மூன்று பேர் நகரின் ஓரத்தில் இருந்த ரெக்ஸ்டேலில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாவது தளத்தில் இருந்தோம். வீடு துரைராசா அண்ணையுடையது, அதாவது வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர், பக்கத்து நகரமான மிசிசாகாவில் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை. மற்ற இரண்டு பேரும் மாணவர்கள். ஒருவன் நான். இன்னொருவன் கோவிந்தராஜன், மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாறிச் சுரங்க ரயில் பிடித்துப் போகவேண்டும். ஆனாலும் அந்த வீட்டை விடவில்லை. காரணம் அண்ணையின் மீன் குழம்பு. மாணவர் விடுதியில் வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு செத்துப்போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கோவிந்து படித்தது நீரியல். அணை, கரை, வடிகால் எல்லாம். அவன் அப்பாவுக்குக் கடைமடையில் ஏழெட்டு ஏக்கர் நிலம். கடைமடை என்றால் ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் இடம். கோடையில் வாய்க்காலில் தண்ணீர் வராது, ஐப்பசியில் வந்த தண்ணீர் போகாது. வருடா வருடம் நட்ட பயிர் மூழ்கும். மகனைக் கடல் தாண்டி அனுப்பியதே தண்ணீரை வடிக்கும் வித்தை தெரிந்துகொண்டு வரட்டும் என்றுதான். கோவிந்து ஒருமுறை அவருக்குக் கடிதத்தில், ஹாலந்து நாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே வயல் இருக்கிறது என்று எழுதிவிட்டான். அவரிடமிருந்து வந்த பதிலை எங்களுக்குப் படித்துக் காட்டினான். "நம்ப முடியவில்லை. அப்படியானால் மழைத் தண்ணீர் எங்கே வடிகிறது? புத்தகத்தைப் பார்த்துச் சொல்லாதே. நேரில் பார்த்து எழுது."

அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் பயணம். ஆம்ஸ்டர்டாமுக்கு மாணவர்களுக்கென்று சலுகை விமானம் விடுவார்கள். அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தின வியாழன் மாலை கிளம்பி ஞாயிறு திரும்பலாம். கொடுத்த பணம் திரும்பி வராது, தேதி மாற்ற முடியாது. கோவிந்து துணைக்கு என்னைக் கூப்பிட்டான். எனக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது, குழாயைத் திறந்தால் வரும் என்பதைத் தவிர. ஆனால் ஐரோப்பா! ஊருக்கு எழுதினால் தெருவே பேசும். பல் இளித்துக்கொண்டு சரி என்றேன்.

வியாழக்கிழமை பிற்பகல். பெட்டி கட்டி முடித்துவிட்டோம். கோவிந்து குளித்துக்கொண்டிருந்தான். கதவு தட்டப்பட்டது. தந்திக்காரன். கோவிந்து பெயருக்குத்தான் வந்திருந்தது, நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அடுத்தவன் தந்தியைப் பிரிக்கக் கூடாது என்பது தெரியாதா எனக்கு? பிரித்தேன். அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், நிலைமை சீரியஸ், உடனே புறப்படு என்று அவன் மாமா அடித்திருந்தார்.

சமையலறையில் இருந்த அண்ணையிடம் காட்டினேன். அன்று எங்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதற்காக அரைநாள் லீவு போட்டிருந்தார். படித்தார். அடுப்பை அணைத்தார்.

"தம்பி, உது முடிஞ்சுது."

"சீரியஸ்னுதானே அண்ணே போட்டிருக்கு?"

"செத்துப்போச்சு எண்டு ஆர் தந்தி அடிக்கிறது? எனக்கும் அம்மாவுக்கு உப்பிடித்தான் அடிச்சவை. விழுந்தடிச்சுப் போய் இறங்கினால் செத்தவீடும் எட்டுச் செலவும் முடிஞ்சு கிடக்குது. சீரியஸ் எண்டால் ஆள் இல்லையெண்டுதான்."

அவர் சொன்னது எனக்குப் புதிதல்ல. கெட்ட செய்தியை ஒரே மூச்சில் சொல்கிற வழக்கம் எங்களிடமும் கிடையாது. என் அத்தை இறந்தபோது கல்லூரிப் பரீட்சை முடியும்வரை எனக்குச் சொல்லவில்லை. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தால் மாமா நிற்கிறார், ஒன்றும் பேசாமல் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் பஜ்ஜி வாங்கித் தருகிறார். வாழ்நாளில் எனக்கு ஒரு காப்பி வாங்கித் தராத மனிதர். இரண்டாவது பஜ்ஜியிலேயே யாரோ போய்விட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்படி மறைத்து மறைத்தே பழகியதால், மறைக்காமல் வந்த செய்தியையும் மறைத்து வந்ததாகவே படித்தோம். அன்று அது எங்களுக்குத் தோன்றவில்லை.

"இப்ப சொல்லி என்ன செய்யிறது? கொள்ளி வைக்கத் தம்பிக்காரன் இருக்கிறான்தானே. இவன் போய்ச் சேர எல்லாம் முடிஞ்சிடும். பெடியன் பாவம், தேப்பன் கேட்டதைப் பாத்துப்போட்டு வரட்டும். வந்து வயிறாறச் சாப்பிட்ட பிறகு நான் சொல்லுறன். நீர் ஒண்டும் வாய் திறக்காதையும்" என்றார் அண்ணை. அவர் கண் கலங்கியிருந்தது. அவர் இரக்கத்தில்தான் சொன்னார், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

நான்? இத்தனை வருடமாக நானும் இரக்கம் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இரக்கமும் இருந்தது. ஆனால் பெட்டி கட்டியாகிவிட்டது, டிக்கெட் கையில் இருக்கிறது, எனக்கு ஆம்ஸ்டர்டாம் பார்க்க ஆசையாக இருந்தது. அண்ணை வேண்டாம் என்று சொன்னபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நின்றது. தந்தியை மடித்துக் கோட்டின் உள்பையில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆம்ஸ்டர்டாமில் இறங்கினோம். விமான நிலையத்தில் ஒரு பெரிய பலகை. ஊர்ப் பெயர்கள் எழுத்தெழுத்தாகச் சடசடவென்று புரண்டு மாறும். எங்கள் இருவருக்குமே அது புதுசு, வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். திடீரென்று கோவிந்து என் தோளில் அடித்தான்.

"டேய், பம்பாய் பாருடா! பன்னெண்டரைக்கு இருக்கு. ஏறி உக்காந்தா நாளைக்குப் பம்பாய், நாளன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டு வாசல். எங்கப்பா மயக்கம் போட்டு விழுந்துருவாரு!"

சிரித்தான். நானும் சிரித்தேன். ஊர் போகும் பாதையில் பாதித் தூரம் வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிவிடலாமா? சொன்னால் தந்தி எப்போது வந்தது என்று கேட்பான். நேற்று என்று எந்த வாயால் சொல்வது? எப்படியும் எல்லாம் முடிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அந்த மூன்று நாளும் மழை விடவில்லை. கோட்டு தண்ணீரைக் குடித்துக் குடித்து என் எடையில் பாதி ஆகிவிட்டது. தங்கியது ஒரு மலிவான விடுதி. ஏணி போன்ற செங்குத்தான படி, அறைக்கு எட்டுக் கட்டில். ஊரைப் பற்றிக் கேட்டால் எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. வாய்க்கால்கள், சைக்கிள்கள், தாளில் சுற்றித் தரும் உருளைக்கிழங்கு வறுவல். நான் கோவிந்துவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் காப்பி நான் வாங்கினேன், அவன் சாக்ஸை நான் காயப்போட்டேன், ஜன்னலோர இடத்தை அவனுக்கு விட்டேன்.

"என்னடா, பொண்ணு குடுக்க வந்தவன் மாதிரி கவனிக்கிற? எங்கிட்ட ஏதாச்சும் காரியம் ஆகணுமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப சரி, சட்டையையும் தோச்சுப் போடு" என்றான். தோய்த்துப் போட்டேன்.

சனிக்கிழமை ரயிலும் பஸ்ஸும் பிடித்து அவன் பார்க்க வந்த இடத்துக்குப் போனோம். நீளமான கரை ஒன்று. அதன் மேல் ஏறி நின்றால் இடப்பக்கம் தண்ணீர் கால்வரை வந்து அலையடிக்கிறது. வலப்பக்கம் வெகு கீழே புல்வெளி, மாடுகள் மேய்கின்றன. மாடு தலை தூக்கினாலும் தண்ணீர் மட்டம் அதற்கு மேலேதான். கோவிந்து பைத்தியம் பிடித்தவன்போல் கரையில் ஏறி இறங்கி அடி அளந்தான். நோட்டில் குறித்தான். ஓரிடத்தில் கதவு வைத்த மதகைக் கண்டதும் கத்தினான். "நம்மூரு மதகுதான்டா! அதேதான்! பக்கத்துல பம்பு இருக்கு பாரு. தண்ணி தானா வடியல. ராவும் பகலும் எறச்சு எறச்சு மேல ஊத்துறான். இதத்தான் அப்பா கேட்டாரு!"

காற்று காதை அறுத்தது. அவன் கரையில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஒரு தடவ அப்பாவ இங்க கூட்டியாரணும்டா. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மதகுல இறங்கிடுவாரு" என்றான். என் கை கோட்டின் உள்பைக்குள் போயிருந்தது. தாள் விரலில் பட்டது. வாயைத் திறந்தேன். "மழை பெருசா வருது, போலாம்" என்றேன்.

பஸ் நிற்கும் இடத்தில் இருந்த கடையில் அவன் ஒரு அஞ்சலட்டை வாங்கினான். கரையும் மாடும் போட்ட படம். அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து பொடி எழுத்தில் நிரப்பினான். அப்பா, நீங்கள் கேட்டதற்குப் பதில், தண்ணீர் தானாக வடியவில்லை, இறைக்கிறார்கள், நம் ஊரிலும் செய்யலாம், வந்து செய்கிறேன் என்று எழுதி, ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு என் பக்கம் தள்ளினான்.

"நீயும் ஒரு வரி எழுது. எங்கப்பாவுக்கு உன்னைத் தெரியும், லெட்டர்ல கேப்பாரு."

பேனாவை வாங்கிக்கொண்டேன். இறந்துபோன மனிதருக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மகன் பக்கத்தில் உட்கார்ந்து வறுவலைக் கொறித்துக்கொண்டிருக்கிறான். கடைசியில், "உங்கள் ஆசியால் நாங்கள் இருவரும் நலம்" என்று எழுதினேன். அவனே தபால்தலையை நாக்கில் நனைத்து ஒட்டி, பெட்டியில் போட்டான்.

ஞாயிறு மாலை ரெக்ஸ்டேல் வீட்டுக்கு வந்தோம். அண்ணை சமைத்து வைத்திருந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். "என்ன அண்ணே, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா மீன் இல்ல?" என்றான் கோவிந்து. "இண்டைக்கு நல்ல மீன் கிடைக்கேல்லை" என்றார். துக்க வீட்டுச் சாப்பாடு அது, எனக்குத் தெரிந்தது. அவன் கரைக் கதையைச் சொல்லிக்கொண்டே மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டான். அண்ணை அவன் கை கழுவும்வரை காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். தந்தியை எடுத்துக் கொடுத்தேன்.

அவன் செய்தியைப் படித்தான். பிறகு தேதியைப் படித்தான். தாள் நனைந்து காய்ந்து முறுகியிருந்தது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அண்ணை என்னென்னவோ ஆறுதல் சொன்னார். அவன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்து, "பலகையில பம்பாய்னு போட்டிருந்துச்சே" என்றான். அழவில்லை. போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் எப்படியாவது மறந்திருப்பேன். மறுநாள் திங்கள், விடுமுறை. டிக்கெட் வாங்க ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. தந்தி அலுவலகத்துப் பெண். விடுமுறை நாள் என்பதால் செய்தியைப் போனிலேயே வாசிக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். எழுதினேன். அப்பா தினமும் உன்னைக் கேட்கிறார், எப்போது வருகிறாய்? அவ்வளவுதான் செய்தி. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அதே குரலில் இன்னொரு தடவை வாசித்தாள்.

தாளை அண்ணையிடம் நீட்டினேன். அவர் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அநியாயம் செய்து போட்டன் தம்பி. அந்த மனுசன் உயிரோடை கிடக்குது. நான் இஞ்சை பருப்புச் சமைச்சுப் போட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கோவிந்து அறையிலிருந்து வந்து தாளைப் படித்தான். ஒரு கணம் அவன் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் பார்த்திருக்கக் கூடாது. அப்பா இருக்கிறார் என்று உடனே பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான்.

செவ்வாய் மாலை விமானம் ஏறினான். புதன் விடியற்காலை அவர் போய்விட்டார். இவன் பம்பாயில் இறங்குவதற்குள் அங்கே தம்பி கொள்ளி வைத்துவிட்டான். நான் இந்தக் கணக்கை ஆயிரம் தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பலகையடியில் நான் வாயைத் திறந்திருந்தால் அவன் ஞாயிறு மாலை அப்பா பக்கத்தில் இருந்திருப்பான். மூன்று இரவு இருந்திருப்பான். தண்ணீர் எப்படி வடிகிறது என்று வாயாலேயே சொல்லியிருப்பான்.

ஜனவரியில் படிப்பை முடிக்கத் திரும்பி வந்தான். பனி கொட்டிக் கிடந்தது. கதவைத் திறந்தேன். மொட்டைத் தலையில் ஒரு விரல் முடி வளர்ந்திருந்தது. "நல்லா இருக்கீங்களா?" என்றான் என்னைப் பார்த்து. பின்னால் அண்ணை நிற்கிறாரோ, அவரைத்தான் கேட்கிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"கோவிந்து, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. விடுங்க" என்றான். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தான். "அந்த அட்டை பதினாறாம் நாள் காரியத்தன்னைக்கு வந்துச்சு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தம்பிதான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினான். நீங்க எழுதினதையும் படிச்சான்."

இறந்தவருக்கு எழுதுகிறோம் என்று நினைத்து எழுதினேன். அப்போது அவர் உயிரோடு, வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அந்த வருடமே கோவிந்து படிப்பை முடித்து கனடாவின் மேற்கே வேலைக்குப் போய்விட்டான். அண்ணை அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். யாருக்கு என்ன செய்தி வந்தாலும் வாசலிலேயே சொல்லிவிடுவார், காலணியைக் கழற்றக்கூட விடமாட்டார். ஈவிரக்கம் இல்லாத மனிதர் என்று நகரின் மறுகோடியில் இருக்கும் டோர்செட் பார்க் வரைக்கும் பெயர் வாங்கினார். அவரும் போய்ப் பல வருடம் ஆகிறது. தந்தி போய்விட்டது. எழுத்து புரளும் பலகைகளும் போய்விட்டன, இப்போது எல்லாம் ஒளித்திரை. பம்பாய் என்ற பெயரே போய்விட்டது. கோட்டை மட்டும் நானே குப்பையில் போட்டேன். போன மாதம் என் மகன் மீதி இருந்த இரண்டு நாளையும் விட்டுவிட்டு சனிக்கிழமையே ஓடிவந்து, அம்மாவுக்குத் தோசை பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டுக்கு இது தேவையா என்று வீடே கேட்டது. தேவைதான்.

பத்து வருடத்துக்கு முன்னால் மிசிசாகாவில் ஒரு கல்யாணத்தில் கோவிந்துவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. "நல்லா இருக்கீங்களா?" என்றான். "நல்லா இருக்கேன்" என்றேன். பந்தியில் அவன் பக்கத்து இடத்தைப் பிடித்து உட்கார்ந்தேன். மறந்து ஒரு தடவையாவது "டேய்" என்று வந்துவிடும் என்று பாயசம்வரை காத்திருந்தேன். அவன் என் இலையைப் பார்த்து, "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டான்.